ஜார்ஜெட் ஹேயரின் எழுத்து வாழ்க்கை: காதல் கதைக்கான ஊற்று எங்கே இருக்கிறது?

தாழம்பூ (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இங்கே தொடர்கதை எழுதும் தோழிகள் பலரும் அண்மைக் காலமாக ஒரே கவலையைப் பகிர்ந்துகொள்வதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். காதல் நாவல் எழுதுகிறவருக்குத் தம் வாழ்வில் சொல்லத்தக்க காதல் அனுபவம் இருந்தாக வேண்டும் என்றும், அது தீர்ந்துவிட்டால் எழுத்தும் வறண்டுவிடும் என்றும் நாம் ஏறக்குறைய நம்பத் தொடங்கிவிட்டோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அதை வெறும் கருத்தாகச் சொல்லாமல், 1921 முதல் 1972 வரை நாவல்கள் வெளியிட்டு, அவற்றின் வருமானத்தில் ஒரு குடும்பத்தையே தாங்கிய ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜெட் ஹேயரின் வாழ்க்கையை முன்வைத்துப் பேச விரும்புகிறேன்.

ஹேயர் 1902 ஆகஸ்ட் 16 அன்று லண்டனை அடுத்த விம்பிள்டனில் பிறந்தார். அவருக்கு இரண்டு தம்பிகள். மூத்த தம்பி போரிஸுக்கு ஹீமோஃபிலியா என்னும் இரத்தம் உறையாக் குறைபாட்டின் ஒரு வகை இருந்தது. அடிக்கடி படுக்கையில் கிடக்க நேர்ந்த அவனை மகிழ்விப்பதற்காகப் பதினேழு வயதில் ஹேயர் ஒரு கதையைச் சிறிது சிறிதாகச் சொல்லத் தொடங்கினார். தம்பி செய்த சூதாட்ட மோசடியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, குடும்பத்தைவிட்டு வெளியேறி, வழிப்பறிக்காரனாகத் திரியும் ஒரு பிரபுவின் கதை அது. கூடவே கேட்டுக்கொண்டிருந்த தந்தை அதை நூலாக்கும்படி ஊக்கப்படுத்தினார். 1921இல் 'தி பிளாக் மாத்' என்ற பெயரில் அது வெளிவந்தபோது ஹேயருக்கு வயது பத்தொன்பது.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். 1923 முதல் 1930 வரையிலான ஆண்டுகளில் ஹேயர் தம் காலத்து வாழ்க்கையை வைத்து நான்கு சமூக நாவல்களும் எழுதினார். அவற்றுள் 1928இல் வந்த 'ஹெலன்' அவரது சொந்த வாழ்க்கைக்கு மிக நெருக்கமானது என்று கருதப்படுகிறது. தந்தையின் அரவணைப்பில் வளர்ந்த பெண் அவருடைய மரணத்தை எதிர்கொள்வதை அது பேசுகிறது. ஹேயரின் தந்தை 1925 ஜூனில் டென்னிஸ் ஆடி முடித்த சற்று நேரத்தில் மாரடைப்பால் இறந்திருந்தார். ஆகவே அந்த நாவலில் இருக்கும் துயரம் உண்மையான துயரம். ஆயினும் பிற்காலத்தில் ஹேயர் அந்த நான்கு நாவல்களையும் மறுபதிப்புச் செய்ய இசையவில்லை. நோயுற்ற தம்பிக்காகச் சொன்ன, தமக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்ட உலகில் நிகழும் முதல் கதையோ தொடர்ந்து அச்சில் இருந்தது.

சொந்த அனுபவம்தான் ஊற்று என்றால், அந்த ஊற்றிலிருந்து நேராக எடுத்தவற்றை அவர் ஏன் ஒதுக்கினார்? என் விடை இது: அவருக்குக் கதை பிறந்த இடம் அனுபவத்தைவிட, கதையைக் கேட்கக் காத்திருந்த ஒருவரிடம் இருந்தது. உங்கள் எண்ணங்களை அறிய விரும்புகிறேன்.

பழைய புத்தகக் கடை

தாழம்பூ அவர்களுக்கு வணக்கம். நல்ல இழை. ஆனால் தாங்கள் சொல்லும் விடை சற்று இனிமையாக்கப்பட்ட விடை என்று எனக்குப் படுகிறது. 1925க்குப் பிறகான ஹேயரின் வாழ்க்கையைப் பார்த்தால், அவரை நாற்காலியில் உட்கார வைத்தது பணத் தேவைதான்.

தந்தை இறந்தபோது குடும்பத்துக்கு ஓய்வூதியம் எதுவும் இல்லை. பத்தொன்பது வயதும் பதினான்கு வயதுமான இரண்டு தம்பிகளின் பொறுப்பு இருபத்து மூன்று வயதுகூட நிரம்பாத ஹேயரின் தலையில் விழுந்தது. இரண்டு மாதங்களில், 1925 ஆகஸ்டில், சுரங்கப் பொறியாளரான ரொனால்ட் ரூஜியரை மணந்துகொண்டார். பணியின் பொருட்டுக் கணவர் சென்ற, கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள டாங்கன்யிகாவுக்கும் (இன்றைய தான்சானியாவின் பகுதி), பிறகு மாசிடோனியாவுக்கும் அவரும் சென்றார். மாசிடோனியாவில் பல் மருத்துவத்தின்போது மயக்க மருந்து முறையாகக் கொடுக்கப்படாமல் உயிர் போகும் நிலைக்கு ஆளானார். 1929இல் ரூஜியர் சுரங்க வேலையை விட்டுவிட்டார். இங்கிலாந்து திரும்பி அவர் தொடங்கிய எரிவாயு, விளக்குத் தொழில் தோற்றது; ஹேயரின் அத்தைமார் கொடுத்த கடனில் ஹார்ஷம் நகரில் ஒரு விளையாட்டுச் சாதனக் கடை வாங்கினார்கள். தம்பி போரிஸ் அந்தக் கடையின் மாடியில் தங்கி உதவிசெய்தார். 1932இல் மகன் பிறந்தான். கணவர் அதன்பின் சட்டம் படித்து 1939இல் பாரிஸ்டராகும் வரை, வீட்டின் முதன்மை வருமானம் மனைவியின் தட்டச்சுப் பொறியிலிருந்துதான் வந்தது.

1932 முதல் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு காதல் நாவலும் ஒரு துப்பறியும் நாவலுமாக அவர் எழுதியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பிற்காலத்திலும் வருமான வரி நிலுவை வந்து நிற்கும்போதெல்லாம் ஒரு நாவலை எழுதி அடைக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்வதால் அவருடைய மதிப்புக் குறைவதாக நான் நினைக்கவில்லை. குடும்பத்துக்காக எழுதுவது எழுத்துக்கு இழுக்கு என்ற எண்ணத்தை நாம் முதலில் கைவிட வேண்டும். இந்தக் குழுமத்தில் எழுதும் பெண்களில் எத்தனையோ பேர் மின்னூல் வருமானத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுகிறார்கள். அவர்களுடைய எழுத்தை 'உந்துதல் இல்லாத எழுத்து' என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது.

நடுநிசி வாசகி

இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். பணத் தேவை ஒருவரை எழுத உட்கார வைக்கலாம். கேட்பவர் ஒருவர் இருந்தால் தொடங்கவும் துணிவு வரலாம். ஆனால் உட்கார்ந்த பிறகு முந்நூறு பக்கத்துக்கு என்ன எழுதுவது? அங்கே ஹேயருக்குக் கை கொடுத்தது அவருடைய குறிப்பேடுகள்.

வரலாறு தொடர்பான ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அவரிடம் இருந்தன. அவற்றைப் படித்து ஆடைகள், தொப்பிகள், வீட்டுப் பொருள்கள், கடைகள், விலைகள், அக்காலப் பேச்சு வழக்குகள் எனத் தலைப்பு வாரியாகக் குறிப்பெடுத்தார். குறிப்பிட்ட ஓர் ஆண்டில் மெழுகுவர்த்தி என்ன விலைக்கு விற்றது என்பதுகூட அவருடைய குறிப்பில் இருந்தது. உடைகளையும் வண்டிகளையும் படமாகவும் வரைந்துவைத்தார். 1815இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரை மையமாகக் கொண்டு 1937இல் வெளியிட்ட 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி' நாவலில், அப்போரின் பிரிட்டிஷ் படைத்தலைவர் வெலிங்டன் கோமகன் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் அவர் உண்மையில் பேசியதோ எழுதியதோதான் என்று ஹேயர் கூறினார். கோமகனின் எழுத்து நடையைத் துல்லியமாகப் பிடிப்பதற்காக, அவர் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றையே விலைக்கு வாங்கினார்.

இதை வெறும் தகவல் சேகரிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினை ஹேயர் மிகவும் நேசித்தவர். ஆஸ்டின் எழுதியது தம் காலத்தைப் பற்றித் தம் காலத்தவருக்கே. ஆகவே ஒரு பாத்திரம் எந்த வகை வண்டியில் வந்து இறங்கினார் என்று சொன்னாலே அவருடைய செருக்கும் செல்வமும் வாசகருக்கு விளங்கிவிடும். நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய ஹேயர், அந்த வண்டியையும் காட்ட வேண்டும், அதற்குரிய மதிப்பையும் உணர்த்த வேண்டும், அதேவேளை கதையின் ஓட்டமும் தடைப்படக் கூடாது. 1811 முதல் 1820 வரை நீடித்த ரீஜென்சி காலம், அதாவது மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பதிலாக அவர் மகன் ஆட்சிப் பொறுப்பை வகித்த காலம், இன்று ஒரு தனிக் காதல் இலக்கிய வகையாகவே வளர்ந்திருக்கிறது என்றால் அதற்கு அடித்தளம் 1935இல் வந்த 'ரீஜென்சி பக்' நாவலும் அதற்குப் பின்னிருந்த அந்தக் குறிப்பேடுகளும்தான்.

இன்னொரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாங்கன்யிகாவின் காட்டில், யானைப் புல்லால் வேய்ந்த குடிசையில் இருந்துகொண்டு அவர் எழுதியது ஸ்டூவர்ட் அரச மரபை மீண்டும் அரியணையேற்ற 1745இல் நடந்த கிளர்ச்சிக்குப் பிறகான இங்கிலாந்தைப் பற்றிய 'தி மாஸ்கரேடர்ஸ்' நாவலை. குறிப்பு நூல்கள் பெரும்பாலும் கைவசம் இல்லை. ஆணுடையில் அக்காவும் பெண்ணுடையில் தம்பியுமாக உயர்குடி விருந்துகளில் நடமாடும் கதை அது. அதில் காலப் பிழை என்று பின்னர் சுட்டப்பட்டது, லண்டனில் உயர்குடி ஆண்கள் கூடும் ஒயிட்ஸ் மன்றம் திறக்கப்பட்ட ஆண்டு ஓராண்டு முன்னதாகப் போய்விட்டது ஒன்றுதான். அந்த உலகம் அதற்குள் அவருக்கு மனப்பாடமாகியிருக்கிறது என்பதைத்தானே இது காட்டுகிறது?

வடகரை

மூவரும் எழுதியதைக் கவனமாக வாசித்தேன். எனக்கு ஓர் ஐயம். மெழுகுவர்த்தியின் விலையும் வண்டியின் வகையும் சேர்ந்து காதலாகிவிடாது. அவரது நாவல்களை நான் வாசித்ததில்லை, ஆகவே கேட்கிறேன். இவ்வளவு உழைப்பும் புறப்பொருள்களைப் பற்றியதாக இருக்கும்போது, இரண்டு மனங்கள் நெருங்குவதை அவர் எங்கிருந்து எடுத்தார்? அதற்கும் சொந்த அனுபவம் தேவையில்லை என்றா தாழம்பூ சொல்கிறார்?

தாழம்பூ

வடகரை கேட்டது சரியான கேள்வி. சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

அனுபவமே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. மனிதர்களைக் கூர்ந்து பார்த்த அனுபவம் இல்லாமல் எவரும் எழுத முடியாது. சொந்தக் காதலின் நிகழ்ச்சிகளைக் கதையாக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் நான் சொல்வது. ஹேயரின் நாவல்களில் காதல் பெரும்பாலும் உரையாடலில்தான் வளர்கிறது. ஒருவர் சொன்னதை மற்றவர் எவ்வளவு விரைவாகப் புரிந்துகொள்கிறார், ஒரே பொருளுக்கு இருவரும் சிரிக்கிறார்களா, இக்கட்டான நேரத்தில் யார் யாரை நம்புகிறார் என்பவையே அங்கே நெருக்கத்தின் அடையாளங்கள். உடல் வருணனை மிகக் குறைவு. இருவருடைய பேச்சின் தாளம் ஒன்றோடொன்று இசையத் தொடங்கும்போதே வாசகருக்குத் தெரிந்துவிடும். பாத்திரங்களுக்கு அது கடைசியாகத்தான் தெரியவரும்.

நம் வாசகர்களுக்கு மிக நெருக்கமான ஒரு கதைக்களத்தை அவர் திரும்பத் திரும்பக் கையாண்டிருக்கிறார். திருமணம் முதலில், காதல் பிறகு. 1944இல் வந்த 'ஃப்ரைடேஸ் சைல்ட்' நாவலில், தான் விரும்பிய பெண் மறுத்துவிட்டதால் வீம்புக்காக, எதிர்ப்படும் முதல் பெண்ணை மணப்பேன் என்று கிளம்புகிற இளம் பிரபு ஒருவன், சிறுவயதில் கூட விளையாடிய ஏழைப் பெண்ணை மணக்கிறான். இருவரும் திருமணமான பிறகுதான் வளர்கிறார்கள். இருவரும் தவறு செய்கிறார்கள். அவளுடைய அறியாமையால் விளையும் சிக்கல்களைத் தீர்க்கப்போய் அவனுக்கே பொறுப்பு வருகிறது.

இதே களத்தை 1961இல் வந்த 'எ சிவில் கான்ட்ராக்ட்' நாவலில் மீண்டும் எடுத்தபோது ஹேயர் வேறொரு எழுத்தாளராகவே ஆகியிருக்கிறார். நெப்போலியனுக்கு எதிரான போரில் இருந்த படை அதிகாரி ஆடம், தந்தையின் மரணத்துக்குப் பின் ஊர் திரும்பிப் பார்த்தால் குடும்பச் சொத்து முழுவதும் கடனில் மூழ்கிக் கிடக்கிறது. அவன் நேசிப்பது ஜூலியா என்ற அழகியை. மணப்பதோ, கடனை அடைக்கக்கூடிய வணிகரின் மகளான, அழகென்று எவரும் சொல்லாத ஜென்னியை. ஜென்னி அவனை முன்பிருந்தே மனத்துக்குள் விரும்பியவள். அதை அவனிடம் சொல்வதில்லை. அவனுக்குப் பிடித்த உணவு, அவன் விரும்பும் அமைதி, அவனுடைய பண்ணையைப் பற்றிய பேச்சு என்று அவள் தன் அன்பைச் சின்னச் சின்ன ஏற்பாடுகளாகவே வெளிப்படுத்துகிறாள். இறுதியில் ஆடம் ஜூலியாவை மறந்து ஜென்னியின்மீது பித்துக்கொள்வதாக ஹேயர் எழுதவில்லை. இந்த வாழ்க்கை இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்பதை அவன் உணர்கிறான், அவ்வளவே. காதல் நாவலின் வழக்கமான நிறைவை எதிர்பார்த்து வந்தவர்கள் அன்றும் ஏமாந்திருக்கக்கூடும். என் கணிப்பில் அவருடைய நாவல்களுள் மிக உயர்ந்தது இதுதான்.

இதை எழுத, கடனுக்காக மணந்துகொண்ட ஒருவரை ஹேயர் மணந்திருக்க வேண்டியதில்லை. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வயது வரை ஒரு வீட்டை நடத்தியவருக்கு, அன்பு எவ்வாறெல்லாம் செயலாக மாறுகிறது என்பது தெரிந்திருந்தால் போதும்.

மருதநில மகள்

அக்கா, உங்கள் பதிவு மிகவும் பிடித்தது. நான் இப்போது ஆன்ட்டி ஹீரோவை வைத்து ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருப்பதால் ஹேயரிடம் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. அதை இங்கே பகிர்கிறேன்.

'தி பிளாக் மாத்' நாவலின் வில்லன் ஆண்டோவர் கோமகன். கதாநாயகனைவிட அவன்தான் மனத்தில் நிற்கிறான் என்பதை வாசித்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஹேயருக்கும் அது தெரிந்திருக்கிறது. அவனையே பெயர் மாற்றி, ஏவன் கோமகனாக்கி, அவனை நாயகனாகக் கொண்டு பாரிஸ் நகரில் நிகழும் புதிய நாவலை எழுதினார். அதுதான் 1926இல் வந்த 'தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்'. அவனுடைய குளிர்ந்த பேச்சும் பழிவாங்கும் குணமும் அப்படியே இருக்கின்றன. அவனை உத்தமனாக நம்பிவிடுகிற, சிறுவன் வேடத்தில் இருக்கும் ஒரு பெண்ணை ஹேயர் அவன் பக்கத்தில் நிறுத்துகிறார். அந்த நம்பிக்கைக்குத் தகுதியாக வேண்டும் என்ற நெருக்கடி அவனுக்கு ஏற்படுகிறது. அவனை எவரும் மன்னிக்கச் சொல்லவில்லை. அவன் செய்தவை சிறியவை என்று எவரும் வாதிடவும் இல்லை. நம் கதைகளில் நாயகன் செய்யும் கொடுமைக்கு இளம்பருவத் துயரம் ஒன்றைக் காரணம் காட்டி முடித்துவிடுகிறோமே, அதைவிட இது எவ்வளவோ நேர்மையான வழி.

அந்த ஆண்டு இங்கிலாந்தைப் பொது வேலைநிறுத்தம் உலுக்கியிருந்த ஆண்டு. நாவலுக்கு விளம்பரமோ மதிப்புரையோ கிடைக்கவில்லை. ஆயினும் 1,90,000 பிரதிகள் விற்றன. விளம்பரம் இல்லாமலே நூல் விற்கும் என்று அதிலிருந்து முடிவுசெய்த ஹேயர், வாழ்நாள் முழுவதும் நேர்காணல் கொடுப்பதைத் தவிர்த்தார். வாசகர்களிடம் ரூஜியரின் மனைவி என்ற அடையாளத்தையும் நாவலாசிரியர் என்ற அடையாளத்தையும் அவர் கலக்கவே இல்லை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நூறு கருத்துகளை எதிர்பார்த்து எழுதும் எனக்கு இதை நினைக்க வியப்பாக இருக்கிறது.

கல்மண்டபம்

பாராட்டுகளுக்கு நடுவே ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். 1950இல் வந்த 'தி கிராண்ட் சோஃபி' நாவலில் வட்டிக்குக் கடன் கொடுக்கும் யூதர் ஒருவர் வருகிறார். அவருடைய தோற்றம், பேச்சு, பேராசை எல்லாமே யூத வெறுப்பாளர்கள் நெடுங்காலமாகப் பரப்பிவந்த கேலிச் சித்திரத்தின் அச்சு. ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டு ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த நேரத்தில் அது எழுதப்பட்டது. நாயகியின் துணிவைக் காட்டுவதற்காக எழுதப்பட்ட அந்தக் காட்சியை வாசிக்கும்போது இன்றும் மனம் கூசுகிறது.

அவருடைய உலகில் உயர்குடிப் பிறப்பே பண்பின் அளவுகோலாகப் பல இடங்களில் வந்துவிடுகிறது. நடுநிசி வாசகி புகழ்ந்த அந்தக் குறிப்பேடுகளில் தொப்பிகளுக்கும் கடைகளுக்கும் தலைப்புகள் இருந்தன. அந்தத் தொப்பியைத் தைத்தவருடைய கூலிக்கும், மாளிகையின் சமையற்கட்டில் இருந்தவருடைய வாழ்க்கைக்கும் நாவல்களில் கிடைத்த இடம் மிகக் குறைவு. எதைக் குறிப்பெடுக்கிறோம் என்பதும் எழுத்தாளரின் மனச்சாய்வுதான். உந்துதல் எங்கிருந்து வருகிறது என்று பேசும்போது, அது எங்கெல்லாம் போக மறுக்கிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

நடுநிசி வாசகி

கல்மண்டபம் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அந்தக் காட்சியை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. 'எ சிவில் கான்ட்ராக்ட்' நாவலில் வணிகரான ஜென்னியின் தந்தைக்கு அவர் கொடுத்த கண்ணியத்தைப் பார்க்கும்போது, பதினோரு ஆண்டுகளில் அவருடைய பார்வை ஓரளவு விரிந்திருக்கிறது என்று தோன்றுகிறது. அதுவும் முழுமையானது அன்று; அந்த வணிகரின் உரத்த பேச்சும் ஆடம்பரமும் நகைப்புக்குரியவையாகவே காட்டப்படுகின்றன.

குறிப்பேடுகள் தொடர்பாக இன்னொரு செய்தி; இங்கே எழுதுகிறவர்களுக்கு இது பயன்படும். தம் கதைகளை நகலெடுத்து மாற்றி வெளியிடுகிறார்கள் என்று வாசகர்கள் கடிதம் எழுதியதால் ஹேயர் இருமுறை நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. 1961இல் நடந்த இரண்டாவது சம்பவத்தில், எதிர்த்தரப்பினர் நாங்களும் அதே வரலாற்று நூல்களைத்தான் படித்தோம் என்ற வகையில் மறுக்க முடியாதபடி ஹேயரிடம் இரண்டு சான்றுகள் இருந்தன. பொதுமக்களுக்குக் கிடைக்காத, தனியார் சுற்றுக்காக அச்சிடப்பட்ட நினைவுக் குறிப்பு ஒன்றிலிருந்து அவர் எடுத்தாண்ட ஒரு சொற்றொடர் அந்த நூல்களில் இருந்தது. அதைவிட வலுவானது மற்றொன்று: ஹேயர் தம் நாவலுக்காகக் கற்பனை செய்த ஒரு சம்பவத்தை, உண்மை வரலாறு என்று நம்பி அந்த எழுத்தாளர் தம் நூலில் குறிப்பிட்டிருந்தார். தன் கற்பனை எங்கே முடிகிறது, ஆவணம் எங்கே தொடங்குகிறது என்பதை ஹேயர் தெளிவாக அறிந்திருந்ததால்தான் அதைச் சுட்டிக்காட்ட முடிந்தது. அத்தியாயங்கள் திருடுபோவதைப் பற்றி நாம் இங்கே அடிக்கடி வருந்துகிறோம். நம் குறிப்புகளைத் தேதியிட்டுப் பாதுகாப்பதையாவது இன்றே தொடங்கலாம்.

வடகரை

விளக்கங்களுக்கு நன்றி. 'எ சிவில் கான்ட்ராக்ட்' நாவலை வாங்க முடிவு செய்துவிட்டேன். அவருடைய அன்றாட எழுத்து முறையைப் பற்றியும் யாராவது எழுதினால் மகிழ்வேன்.

மருதநில மகள்

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1942 முதல் 1966 வரை அவர் லண்டன் பிக்காடிலியில் உள்ள ஆல்பனி என்ற பழைய குடியிருப்பில் வாழ்ந்தார். 1814இல் கவிஞர் பைரன் குடியிருந்த அதே கட்டடம் அது. அவருடைய கதைமாந்தர்கள் வாழ்ந்திருக்கக்கூடிய இடத்திலேயே அவர் எழுதினார். துப்பறியும் நாவல்களுக்குக் கொலையின் முறையையும் முடிச்சையும் பெரும்பாலும் கணவர் வகுத்துக் கொடுக்க, பாத்திரங்களையும் உரையாடலையும் ஹேயர் உருவாக்கினார். கணவன், மனைவி, ஒரு மேசை, நடுவில் ஒரு கொலைத் திட்டம் என்ற அந்த வீட்டுக் காட்சியை நினைத்தால் எனக்கு மிகவும் பிடிக்கிறது. அது ஒரு நல்ல தாம்பத்தியத்தின் அடையாளமாகவும் தோன்றுகிறது.

தம் நூல்களைப் பற்றி அவர் பெருமையாகப் பேசியதில்லை. 'ஃப்ரைடேஸ் சைல்ட்' எழுதிய போர்க்காலத்தில் ஒரு கடிதத்தில், இத்தகைய கதைகளை எழுதுவதற்காகத் தம்மைக் கடிந்துகொண்டுவிட்டு, வான்தாக்குதல் பதுங்குமிடத்தில் உட்கார்ந்திருக்கும்போதோ காய்ச்சலிலிருந்து தேறிவரும்போதோ தாமே இதை விரும்பிப் படிக்கக்கூடும் என்றும் சேர்த்து எழுதினார். இரண்டாவது பாதிதான் உண்மையான ஹேயர் என்பது என் நம்பிக்கை. யாருக்காக எழுதுகிறோம், அவர் எந்த நிலையில் இருக்கும்போது இதைக் கையில் எடுப்பார் என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

தாழம்பூ

மருதநில மகள் குறிப்பிட்ட அதே நாவலைப் பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன். ருமேனியாவில் அரசியல் கைதியாக இருந்த ஒரு பெண், பன்னிரண்டு ஆண்டுகள் தம் சிறைத் தோழிகளுக்கு 'ஃப்ரைடேஸ் சைல்ட்' கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லியே தாமும் அவர்களும் மனம் சிதையாமல் காத்துக்கொண்டதாக ஹேயருக்குக் கடிதம் எழுதினார். வாசகர் கடிதங்களைப் பொருட்படுத்தாத ஹேயர் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். கையில் நூல் இல்லை. நினைவிலிருந்து வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. விளையாட்டுத்தனமான ஒரு இளம் தம்பதியின் கதையால் அதைத் தாங்க முடிந்தது என்றால், அந்தக் கதையின் கட்டுமானத்தில் கேட்பவரை அடுத்த கட்டத்துக்கு இழுக்கும் ஏதோ ஒன்று மிக உறுதியாக இருந்திருக்க வேண்டும். அதைத்தான் நான் முதல் பதிவில் கேட்பவரைப் பற்றிச் சொன்னபோது குறிப்பிட முயன்றேன்.

பழைய புத்தகக் கடை

அந்தக் கைதியின் செய்தி என்னையும் உலுக்கியது. ஆனாலும் என் பக்கத்திலிருந்து இன்னொரு சான்றை வைக்கிறேன். தாழம்பூ விடை சொல்லட்டும்.

ஹேயர் மிக ஆழ்ந்து எழுத விரும்பியது காதல் நாவலையே அன்று. ஐந்தாம் ஹென்றி மன்னரின் தம்பியான பெட்ஃபோர்ட் கோமகன் ஜானை மையமாக வைத்து, லான்காஸ்டர் அரச மரபைப் பற்றி மூன்று தொகுதிகளாக எழுதத் திட்டமிட்டார். போர், உடை, கேடயக் குறிகள், வேட்டை, வல்லூறு பழக்குதல் என எல்லாவற்றையும் பயின்றார். நாள்வாரியாக நிகழ்ச்சிகளைப் பதிந்த குறிப்பட்டைகளைச் சேர்த்துவந்தார். ஆனால் வரித்தொகை கட்ட வேண்டியிருந்தது. வாசகர்களும் அடுத்த ரீஜென்சி காதல் நாவலைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அதை ஒதுக்கிவைத்துவிட்டுக் காதல் நாவலுக்குத் திரும்பினார். 1974 ஜூலை 4 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தபோது முதல் தொகுதிகூட முடிந்திருக்கவில்லை. கணவரின் முன்னுரையோடு 1975இல் 'மை லார்ட் ஜான்' என்று அது வெளிவந்தது. காத்திருந்த வாசகர்கள்தான் அவருடைய ஊற்று என்று சொன்னீர்கள். அதே வாசகர்கள்தானே அவருடைய மனத்துக்கு மிக நெருக்கமான நூலை எழுதவிடாமல் செய்தார்கள்?

தாழம்பூ

ஐயா, உங்கள் கேள்வியை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. அந்த இழப்பு உண்மையானது. தாம் நேசித்த வேலையைப் பிறருடைய தேவைக்காக ஆண்டுக்கணக்கில் ஒத்திவைத்துக்கொண்டே போன ஒரு பெண்ணின் வருத்தத்தை, கேட்பவர்கள் இருந்தார்கள் என்ற ஆறுதலால் ஈடுசெய்ய முடியாது.

ஆனால் அந்த முற்றுப்பெறாத நூலை நான் வாசித்திருக்கிறேன். அதைப் பற்றி ஓர் எழுத்தாளராக எனக்குப் பட்டதைச் சொல்ல வேண்டும். அதில் உழைப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. பெயர்களும் உறவுமுறைகளும் பட்டங்களும் அடர்ந்து வருகின்றன. சிறுவன் ஜானும் அவன் சகோதரர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் இடங்களில் பழைய ஹேயர் சட்டென்று எழுந்து வருகிறார். அடுத்த பக்கத்தில் குறிப்பட்டைகள் மீண்டும் மேலெழுந்துவிடுகின்றன. 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி' நாவலில் இதே அளவு ஆய்வு இருந்தும் அது கதைக்குள் கரைந்திருந்தது. வாட்டர்லூவை நோக்கி நகரும் அந்த நாள்களில், போருக்குப் போகப்போகும் ஒருவனையும் அவனோடு பிணங்கி நிற்கும் ஒருத்தியையும் நாம் பின்தொடர்ந்துகொண்டே இருக்கிறோம். 'மை லார்ட் ஜான்' நாவலில் அப்படிப் பின்தொடர ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது.

இதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. அந்த நூல் வரைவு நிலையிலேயே நின்றுவிட்டது. அதை முடித்து, ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, அவர் எங்கே சோர்ந்தார் என்று பார்த்துத் திருத்தும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. இன்னும் ஓராண்டு ஓய்வும் வரித் தொல்லையற்ற வருமானமும் இருந்திருந்தால் அவர் அதைச் செய்திருப்பார். ஆகவே பணத்தைப் பற்றி நீங்கள் சொன்னது எழுதத் தூண்டிய காரணமாக மட்டும் நிற்கவில்லை, எழுத முடியாமற்போனதற்கும் அதுவே காரணமாகிறது என்று ஏற்கிறேன். வடகரை நூலை வாசித்து முடித்ததும், ஜென்னி தன் விருப்பத்தைக் கடைசி வரை சொல்லாமலிருந்தது அவளுடைய வலிமையா, அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதியா என்பதை இதே இழையில் பேசலாம். எனக்கே அதில் இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை.